கிரேஃபிஷ்: பெயரும் பொருளும் தமிழ்ச் சொல்லும்

பெயரில் 'ஃபிஷ்' இருக்கிறதே தவிர இது மீன் அல்ல. இறால், நண்டு வகையறாவைச் சேர்ந்த, பத்துக் கால்களும் கெட்டியான ஓடும் கொண்ட நன்னீர் உயிரி. பழைய பிரெஞ்சில் 'எஸ்க்ரெவிஸ்' என்று வழங்கிய சொல்லுக்கு வேர் ஜெர்மானியம். ஜெர்மன் மொழியின் 'கிரெப்ஸ்', ஆங்கிலத்தின் 'கிராப்' இரண்டும் அதற்கு உறவு. இடைக்கால ஆங்கிலத்தில் அது 'கிரெவிஸ்' ஆனது. கடைசி அசையான 'விஸ்' காதில் 'ஃபிஷ்' என்று விழ, பேச்சு வழக்கே அதை மீனாக்கிவிட்டது. அமெரிக்கர்கள் 'கிராஃபிஷ்' என்பார்கள். ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் கடலில் பிடிக்கும் சிங்கி இறாலையே (லாப்ஸ்டர்) 'கிரேஃபிஷ்' என்று சொல்லும் வழக்கமும் உண்டு.

தமிழில் இதற்குத் தனிச்சொல் இல்லை. இந்தியத் துணைக்கண்டத்து ஆறு குளங்களில் இந்த உயிரி இயற்கையாகவே கிடையாது. இல்லாத ஒன்றுக்குப் பெயர் வைக்க யாருக்கும் தேவை வரவில்லை. இறாலுக்கோ சங்கப் பாடல்களிலேயே 'இறவு' என்ற சொல் உண்டு. இப்போது புழங்கும் பெயர்ப்புகளில் 'நன்னீர் இறால்' ஒத்துவராது. அது ஏற்கெனவே வேறொரு வளர்ப்பு இறாலின் பெயர். 'நன்னீர் நண்டு' என்றால் வயல் நண்டுதான் நினைவுக்கு வரும். 'நன்னீர்ச் சிங்கி இறால்' என்பதே என் தேர்வு. நம் கடல் சிங்கி இறாலுக்குப் பெரிய கொடுக்கு கிடையாது, இதற்கு உண்டு. அந்த அளவில் இதுவும் முழுப் பொருத்தம் இல்லை. இருந்தாலும் உடல் வடிவத்தையும் வாழும் நீரையும் ஒருசேரச் சொல்லும் பெயர் இதுதான்.

ஆனால் வளர்ப்புக்காக வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்யும்போது எந்தப் பொதுப்பெயரும் போதாது. உலகில் 600-க்கும் மேற்பட்ட நன்னீர்ச் சிங்கி இறால் இனங்கள் உள்ளன. 'நன்னீர் லாப்ஸ்டர்', 'நீல லாப்ஸ்டர்' என்றெல்லாம் வணிகர்கள் விற்பது ஆஸ்திரேலியச் செங்கொடுக்கு இனமாகவும் இருக்கலாம், அமெரிக்கச் சதுப்புநிலச் சிவப்பு இனமாகவும் இருக்கலாம். முன்னதன் அறிவியல் பெயர் செராக்ஸ் குவாட்ரிகாரினேட்டஸ். பின்னது புரோகாம்பாரஸ் கிளார்கியை. இரண்டின் ஆபத்தும் ஒன்றல்ல. இறக்குமதி விண்ணப்பத்தில் அறிவியல் பெயர் இல்லையென்றால் இடர் மதிப்பீட்டைத் தொடங்கவே முடியாது என்பேன்.

இடர் மதிப்பீடு என்பது நான்கு கேள்விகள். உயிரி பண்ணையிலிருந்து தப்புமா? தப்பினால் அந்தத் தட்பவெப்பத்தில் நிலைத்து இனம் பெருக்குமா? பரவுமா? பரவினால் எதைக் கெடுக்கும்? முதல் கேள்விக்கு 'தப்பாது' என்று பதில் எழுதுபவர்களை நம்பத் தயங்க வேண்டும். இவை ஈரமான இரவுகளில் குளத்தை விட்டு ஏறித் தரையிலேயே நடந்துபோகும்.

சதுப்புநிலச் சிவப்பு இனம் 1973-இல் அமெரிக்காவின் லூசியானாவிலிருந்து ஸ்பெயினுக்குக் கொண்டுவரப்பட்டது. சில ஆண்டுகளில் குவாடல்கிவிர் ஆற்றுச் சதுப்புகளிலும் நெல்வயல்களிலும் நிறைந்துவிட்டது. வரப்பில் வளை தோண்டும். தோண்டிய சேற்றை உருண்டை உருண்டையாக வாயிலில் அடுக்கும். வளை அரை மீட்டருக்கு மேலும் ஆழம் போகும். வரப்பு கசிய வேறென்ன வேண்டும்? நீர்த்தாவரம், நத்தை, தவளை முட்டை எதையும் விடாது. தாவரம் போனால் அடிச்சேறு கலங்கித் தெளிந்த நீர் குழம்பாகிவிடும். கென்யாவின் நைவாஷா ஏரிக்கு 1970-இல் கொண்டுபோன இதே இனம், அங்கே நீருக்குள் வளரும் செடிகளைத் தின்று குறைத்தது.

நோய்க் கணக்கு இன்னும் சிக்கலானது. 'கிரேஃபிஷ் பிளேக்' என்பதைச் 'சிங்கி இறால் கொள்ளைநோய்' எனலாம். இதைப் பூஞ்சை நோய் என்று எழுதுவது பிழை. காரணி அஃபனோமைசஸ் அஸ்டாசி, பூஞ்சை போலத் தோன்றினாலும் பூஞ்சை அல்லாத 'ஊமைசீட்' என்ற நுண்ணுயிர் வகை. வட அமெரிக்க இனங்களின் உடல் இதைக் கருநிறமியால் சூழ்ந்து முடக்கிவிடும். ஓட்டில் சில கரும்புள்ளிகள், அவ்வளவுதான். பல சமயம் அதுவும் தெரியாது. ஆனால் அவற்றிலிருந்து நீரில் நீந்தி வரும் வித்துகள் ஐரோப்பிய இனங்களைக் கூட்டம் கூட்டமாகக் கொல்லும். இந்த நோய் 1859-இல் இத்தாலியில் தலைகாட்டியது; 1907-இல் ஸ்வீடனை எட்டியது. அழிந்த உள்ளூர் இனத்துக்கு மாற்றாக ஸ்வீடன் 1960 வாக்கில் அமெரிக்காவிலிருந்து சிக்னல் என்ற இனத்தை இறக்கியது. நோயைத் தாங்கும் என்பதற்காகத் தேர்ந்த இனம் நோயையும் சுமந்து திரிந்தது. எஞ்சியிருந்த உள்ளூர்க் கூட்டங்களுக்கும் ஆபத்து வந்தது. 2016-இல் ஐரோப்பிய ஒன்றியம் வெளியிட்ட ஆக்கிரமிப்பு அயல் இனப் பட்டியலில் சிக்னலும் சதுப்புநிலச் சிவப்பும் இடம்பெற்றன.

உள்ளூர் நன்னீர்ச் சிங்கி இறாலே இல்லாத இடத்தில் இந்தக் கொள்ளைநோய் பெரிய கவலையாக இராது என்று வாதிடுவார்கள். பாதி உண்மை. அங்கே பார்க்க வேண்டியது வெண்புள்ளி நோய் வைரஸ். இறால், நண்டு, சிங்கி இறால் மூன்றையும் அது தொற்றும். இறால் பண்ணை ஒன்றில் புகுந்தால் சில நாட்களில் குளமே காலி. இறக்குமதியாகும் தாய் உயிரிகளைத் தனிமைப்படுத்தி, நோய்ச் சோதனை செய்து, அவற்றைக் கடைசிவரை வெளியே விடாமல், அங்கேயே பிறந்த குஞ்சுகளை மட்டும் பண்ணைக்கு அனுப்ப வேண்டும் என்கிறது கடலாய்வுக்கான சர்வதேசக் கவுன்சிலின் நடைமுறைக் கோவை. கடல் உயிரிகளுக்காக எழுதப்பட்டது என்றாலும் நன்னீருக்கும் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

'பெண் மட்டும் வளர்த்தால் பெருகாது' என்ற சமாதானமும் எல்லா இனத்துக்கும் செல்லாது. 1990-களில் ஜெர்மனியின் மீன்தொட்டி வணிகத்தில் கவனிக்கப்பட்ட பளிங்குச் சிங்கி இறாலில் ஆணே கிடையாது. ஒரே ஒரு பெண், ஆண் துணையில்லாமல் தன் நகல்களை நூற்றுக்கணக்கில் ஈனும். மடகாஸ்கரின் நீர்நிலைகளில் அது இப்படித்தான் பெருகிப் பரவியிருக்கிறது.