கமிஷன்: தரகா, வாரமா, குத்தகையா?

அக்கா மகன் தஞ்சாவூரில் தலையாட்டி பொம்மை விற்கிறான். பாதி கடையில், பாதி இணையச் சந்தையில். மாதக் கணக்கு வந்தால் விற்ற தொகைக்கும் கைக்கு வந்த தொகைக்கும் நடுவே ஐந்தாறு பிடித்தம் இருக்கும். அத்தனைக்கும் அவன் எழுதி வைத்திருக்கும் பெயர் ஒன்றுதான். "எல்லாத்தையும் கமிஷன்னு போட்டுட்டேன் மாமா. இதுக்குத் தமிழ்ல என்ன?" என்றான். ஒரு சொல் கேட்டவனுக்கு மூன்று சொல் கொடுக்க வேண்டியதாயிற்று.

கமிஷன் என்பதன் வேர் லத்தீனில் இருக்கிறது. ஒப்படைத்தல் என்று பொருள். ஒப்படைத்த வேலை, அந்த வேலையைச் செய்ய அமர்த்திய குழு, அந்த வேலைக்கான கூலி என்று ஆங்கிலத்திலேயே பொருள் கிளைத்துவிட்டது. குழு என்ற பொருளுக்கு நாம் ஆணையம் என்று சொல்லிக்கொண்டோம். கூலி என்ற பொருள் மட்டும் மொழிபெயர்க்கப்படாமல் மண்டிக்குள் நுழைந்தது. வாழைத்தார் போடுகிற இடமும் கமிஷன் மண்டி, பாலம் கட்டுகிறவர் மேசைக்கு அடியில் கொடுப்பதும் கமிஷன். புத்தகக் கடைக்காரர்களும் பத்திரிகை முகவர்களும் கழிவு என்பார்கள். நல்ல சொல்தான், ஆனால் இன்று கழிவு என்றதும் முதலில் நினைவுக்கு வருவது சாக்கடை.

பழைய சொல் தரகு. எவ்வளவு பழையது என்று பார்க்க நாகப்பட்டினம் பக்கம் போகலாம். அங்குள்ள ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை முதலாம் ராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் நாகையின் சூடாமணி விகாரத்துக்கு அளித்தான். நெதர்லாந்தின் லெய்டன் நகருக்குப் போனதால் லெய்டன் செப்பேடு என்று பெயர்பெற்ற பட்டயம் இதைச் சொல்கிறது. அதில் வரும் வரிப் பட்டியலில் இலைக்கூலம், தறிப்புடவை, தட்டாரப்பாட்டம் இவற்றோடு தரகும் இருக்கிறது. தரகுத் தொழிலுக்கே வரி போட்டிருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டுக்கு முன்பே இடைத்தொழில் அவ்வளவு நிலைத்திருந்தது. கேரளத்தில் தரகன் என்பது குடும்பப் பட்டப் பெயராகவே நிற்கிறது. இங்கேதான் தரகர் என்றால் உதட்டைச் சுழிக்கிறோம்.

மாட்டுச் சந்தையில் தரகர் துண்டுக்குள் கைவிட்டு விரல் பிடித்து விலை பேசுவார். விற்பவர் விரல் சொன்னது வாங்குபவருக்குத் தெரியாது, வாங்குபவர் விரல் சொன்னது விற்பவருக்குத் தெரியாது. இரண்டையும் அறிந்தவர் துண்டுக்காரர் ஒருவரே. பேருந்துப் பயணச்சீட்டு விற்கும் ரெட்பஸ்ஸும், சாப்பாடு கொண்டுவரும் சொமாட்டோவும், அக்கா மகனின் இணையச் சந்தையும் செய்வது இந்த வேலைதான். யார் என்ன விலைக்கு எதைத் தேடினார், எங்கே தயங்கினார் என்பதெல்லாம் அவர்கள் துண்டுக்குள். விற்றால்தான் காசு, விற்காவிட்டால் இல்லை; தரகின் இலக்கணம் அவ்வளவுதான்.

யூடியூப் அப்படியா? சமையல் காணொளி போடும் அம்மா யாரிடமும் எதையும் விற்கவில்லை. இடம் நிறுவனத்துடையது, பாடு அம்மாவுடையது, விளைச்சல் விளம்பரக் காசு. நீளக் காணொளிக்கு வரும் விளம்பர வருவாயில் 55 விழுக்காடு படைத்தவருக்கு, 45 நிறுவனத்துக்கு. இதைத் தரகு என்று எழுதினால் டெல்டாக்காரர் சிரிப்பார். இது வாரம். (ஏழு நாள் வாரம் வேறு சொல்.) நிலத்துக்காரர் பங்கு மேல்வாரம், உழுதவர் பங்கு குடிவாரம். ஆக அம்மாவுக்குக் குடிவாரம் 55. 1956ஆம் ஆண்டின் நியாய வாரச் சட்டம் நன்செய்க்கு நிலத்துக்காரர் பங்காகத் தொடக்கத்தில் வைத்த வரம்பு 40 விழுக்காடு. யூடியூப்பின் மேல்வாரம் அதையும் தாண்டுகிறது. வரம்பு கட்ட இங்கே சட்டமும் இல்லை. விளைச்சல் பொய்த்தால் இருவருக்கும் பொய்க்கும் என்பது மட்டும் இரண்டுக்கும் பொது.

மூன்றாவது குத்தகை. விளைச்சலில் பங்கு இல்லை, முன்பே பேசிய அளவுதான். மேட்டூர் அணை வழக்கம்போல் ஜூன் 12இல் திறந்தாலும் ஆடி கழிந்து திறந்தாலும் பேசிய நெல்லை நிலத்துக்காரருக்கு அளந்தாக வேண்டும். பெங்களூரில் தொடங்கிய நம்ம யாத்ரி செயலி ஆட்டோக்காரரிடம் ஒவ்வொரு சவாரியிலும் பங்கு கேட்பதில்லை. நாளுக்கு 25 ரூபாய் என்ற கட்டணத்தை வைத்தது. "கமிஷன் இல்லை" என்று சொல்வது உண்மைதான், அது குத்தகைக்கு மாறிவிட்டது. சவாரி நிறைய ஓடுகிற நாளில் ஓட்டுநருக்கு லாபம். மழையில் ஒன்றிரண்டு சவாரியோடு நின்ற நாளில் நட்டம் அவருடையது. தரகில் அந்த நாளின் நட்டத்தில் நிறுவனத்துக்கும் பங்கு உண்டு. எது நல்லது என்று கேட்டால், சவாரி உறுதியாகக் கிடைக்கிறவருக்குக் குத்தகை, கிடைக்காதவருக்குத் தரகு என்பேன்.

சந்தாவைச் சுருக்கமாக முடித்துவிடலாம்: பாரசீக வழி வந்த சொல், எல்லோருக்கும் புரிகிறது, மாற்ற வேண்டாம். ஏலத்தையும் அப்படியே விடலாம். அது போர்த்துகீசியர் தந்தது. ஊர்க் குளத்து மீனுக்கு எடுக்கிற ஏலத்தை 2002ஆம் ஆண்டு முதல் கூகுள் தேடுசொற்களுக்கு நடத்துகிறது. அக்கா மகன் "பொம்மை" என்ற சொல்லுக்கு ஏலம் கேட்டு ஒரு மாத லாபத்தை விட்டதுண்டு.

அன்று இரவு கணக்கைத் திருத்தி எழுதினோம். விற்பனை விழுக்காடு தரகு ஆனது. கிடங்கில் பெட்டி வைக்கிற மாதத் தொகை வாடகை. தேடலில் முன்னால் காட்ட வாங்கியது ஏலத் தொகை. இப்படியே கூரியர் வரை வந்தோம். பசித்தது, செயலியில் பரோட்டா சொன்னான். ரசீதில் பிளாட்பார்ம் கட்டணம் என்று ஒரு வரி. 2023இல் ஸ்விக்கியும் சொமாட்டோவும் 2 ரூபாயில் ஆரம்பித்தது, பிறகு வளர்ந்துவிட்டது. எங்கள் பக்கத்துச் சந்தையில் கூடைக்கு இவ்வளவு என்று சுங்கம் வாங்குவது கடை போடுகிறவரிடம். வாங்க வந்தவரிடம் வாசலில் காசு கேட்டு நான் பார்த்ததில்லை. அதனால் சொல்லும் அகப்படவில்லை.

"மொய்னு எழுதிக்கலாமா மாமா?" என்றான். பேராவூரணிப் பக்கம் பெண் எடுத்தவன். அவனே யோசித்து அடித்துவிட்டான். "வேணாம். மொய் திரும்பி வரும்."