மருத்துவ ஆய்வுக்கு ஒப்புதல் கேட்டால் யார் கையெழுத்திட வேண்டும்?

சென்னை ஸ்டான்லி மருத்துவமனையிலோ, ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ மருத்துவமனையிலோ சிகிச்சைக்கு வந்தவரிடம், ஓர் ஆய்வில் சேர விருப்பமா என்று கேட்டு ஒப்புதல் படிவம் நீட்டப்படலாம். அவ்வாறு கேட்கப்படுபவரின் உரிமைகள் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட நெறிமுறைகளில் கூறப்பட்டுள்ளன. புதிய மருந்துகளைச் சோதிக்கும் ஆய்வுகளுக்கு மத்திய அரசின் 2019ஆம் ஆண்டு மருந்துப் பரிசோதனை விதிகளும் சேர்ந்து பொருந்தும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து சர்க்கரை, இரத்த அழுத்தம் பார்ப்பது சிகிச்சைச் சேவையே. அதை ஆய்வோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஆய்வு என்றதும் அஞ்ச வேண்டியதும் இல்லை. காசநோயாளியைச் சானடோரியம் எனப்படும் தங்கும் மருத்துவமனையில் வைக்காமல் வீட்டிலேயே மருந்து கொடுத்துக் குணப்படுத்தலாம் என்று நிறுவியது, 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் ஆய்வு மையத்தின் ஆய்வுதான். ஆனால் சேர மறுத்தாலும், சேர்ந்த பின் காரணம் கூறாமல் விலகினாலும், வழக்கமான சிகிச்சை ஒரு துளியும் குறையக் கூடாது.

படிவம் நோயாளிக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். ஒரு நகல் அவருக்கே தரப்பட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் கைநாட்டு வாங்கும்போது, ஆய்வுக் குழுவைச் சாராத சாட்சி ஒருவர் உடனிருந்து, அனைத்தும் விளக்கப்பட்டதை உறுதிசெய்து கையொப்பமிட வேண்டும்.

யார் ஒப்புதல் தருவது என்பது வயதைப் பொறுத்து மாறுகிறது. 18 வயது நிரம்பாதவருக்குப் பெற்றோரின் ஒப்புதல் கட்டாயம். அதோடு 7 முதல் 11 வயது வரையிலான குழந்தையிடம் பெற்றோர் முன்னிலையில் வாய்மொழி இசைவும், 12 வயது நிரம்பியவரிடம் எழுத்து இசைவும் பெற வேண்டும். ஆபத்து மிகக் குறைவாக உள்ள ஆய்வுக்குத் தாய் தந்தையரில் ஒருவரின் கையொப்பம் பொதுவாகப் போதும். ஆய்வு நடக்கும்போதே பிள்ளைக்கு 18 வயது நிரம்பினால், ஒப்புதலை அவரிடமே புதிதாகக் கேட்க வேண்டும்.

கர்ப்பிணியின் ஒப்புதலை அவரே தர வேண்டும். கணவரோ மாமியாரோ அவருக்குப் பதிலாகக் கையெழுத்திட முடியாது. ஆய்வில் சேர்வதற்காகத் தாய்ப்பாலை நிறுத்தச் சொல்வதும் கூடாது.

அதிகம் மீறப்படக்கூடியது முதியவர்களின் உரிமை என்றே கருதுகிறேன். அழைத்து வந்த மகனிடம் படிவத்தை நீட்டுவது எளிது. ஆனால் முதுமை மட்டுமே ஒருவரின் முடிவெடுக்கும் உரிமையைப் பறித்துவிடாது. மறதிநோய் போன்றவற்றால் விளக்கத்தைப் புரிந்துகொள்ள இயலாதபோதுதான் சட்டப்படியான பிரதிநிதி ஒப்புதல் தரலாம். அப்போதும் முதியவர் வேண்டாம் என்றால் அதற்கு மதிப்பளிக்க வேண்டும்.

காசிமேட்டில் வலை பின்னுபவரோ துறைமுகத்தில் சுமை தூக்குபவரோ ஆய்வுக்காக வந்து போனால், ஒரு நாள் கூலி போய்விடும். பயணச் செலவையும் கூலி இழப்பையும் ஈடுசெய்ய நெறிமுறைகள் இடமளிக்கின்றன. ஆயினும் ஆசை காட்டிச் சேர்க்கும் அளவுக்குப் பெருந்தொகை தரக் கூடாது. மருந்துப் பரிசோதனையில் பாதிப்பு நேர்ந்தால் இலவச சிகிச்சை அளிக்க வேண்டும். அந்தப் பாதிப்பு பரிசோதனையால் விளைந்ததென உறுதியானால் இழப்பீடும் உண்டு.

ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவின் தொடர்பு விவரம் ஒப்புதல் படிவத்திலேயே இருக்கும். மருந்துப் பரிசோதனைகளுக்கான இக்குழுவில் குறைந்தது 7 பேர் இருக்க வேண்டும். அவர்களில் குறைந்தது பாதிப் பேர் அந்த நிறுவனத்தைச் சாராதவர்களாக இருக்க வேண்டும். சந்தேகமோ புகாரோ எழுந்தால், ஆய்வாளரைக் கடந்து நேரடியாக இக்குழுவையே அணுகலாம்.