கேட்டமரான் என்றால் கட்டுமரமா?

ஆங்கில அகராதியில் ‘கேட்டமரான்’ என்ற சொல்லைப் பார்த்தால், தமிழிலிருந்து வந்தது என்ற குறிப்பு இருக்கும். மூலச்சொல் கட்டுமரம். இதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் இதைப் பிடித்துக்கொண்டு, இன்று கடலில் ஓடும் கேட்டமரான் கப்பல்களும் தமிழர் கண்டுபிடிப்புதான் என்று அடுத்த வரியிலேயே எழுதிவிடுகிறார்கள். அங்கேதான் இடிக்கிறது. சொல் நம்முடையது. அந்தச் சொல் இன்று குறிக்கிற பொருள் நம் கட்டுமரம் இல்லை.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே தெரியும். கட்டுமரம் என்பது பெயரிலேயே இருக்கிறபடி, கட்டிய மரம். லேசான மரத்துண்டுகளைச் செதுக்கி, முன்பக்கம் சற்று மேலெழும்படி அமைத்து, கயிற்றால் இறுக்கிக் கட்டுவார்கள். அதில் குடைந்த பள்ளமோ தண்ணீர் புகாத கூடோ கிடையாது. மரமே மிதக்கிறது, அவ்வளவுதான். அலை மேலே ஏறினால் இடுக்கு வழியாக வடிந்து போய்விடும். கவிழ்ந்தாலும் மூழ்காது. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களை மணலில் காயப்போடலாம். சோழமண்டலக் கரையில் துறைமுகமே இல்லாத இடங்களில்கூட, உடையும் அலையைத் தாண்டிக் கடலுக்குள் போக இதைவிட எளிய கலம் இல்லை.

இன்றைய கேட்டமரான் அப்படியா? ஒல்லியான, உள்ளே குடைவான இரண்டு உடல்கள். இரண்டுக்கும் நடுவே இடைவெளி. மேலே ஒரு தளம் அவற்றை இணைக்கிறது. கட்டுமரத்தில் மரங்கள் ஒட்டிக் கிடக்கின்றன. கேட்டமரானின் பலமே உடல்கள் தள்ளி நிற்பதில்தான் இருக்கிறது.

அப்படியானால் பெயர் எப்படி அங்கே போய் ஒட்டியது?

ஐரோப்பியர் எழுத்தில் இந்தச் சொல் 16ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. 1583இல் வெனிஸ் நகை வணிகர் காஸ்பரோ பால்பி ‘கத்தமெரோனி’ என்று எழுதினார். ஏழு உருண்டை மரங்களைச் சேர்த்துக் கட்டியது, அதில் ஐந்து அடிப்பாகம் என்று எண்ணிக்கையோடு சொல்கிறார். 1673இல் சோழமண்டலக் கரையோரம் வந்த ஆங்கிலேய மருத்துவர் ஜான் ஃப்ரையர், நடுவில் ஒரு பாயும் செலுத்தத் துடுப்பும் கொண்ட ‘கட்டமரான்’கள் தங்கள் கப்பலைத் துரத்தி வந்ததாக எழுதுகிறார். 1697இல் அச்சான தன் பயண நூலில் ஆங்கிலேயக் கடலோடி வில்லியம் டேம்பியர், இந்தக் கரையில் ஒரே மரத்திலோ இரண்டு மரத்திலோ ஒற்றை ஆள் போவதையும், அவருடைய காலும் பின்புறமும் எப்போதும் தண்ணீரிலேயே இருப்பதையும் குறித்திருக்கிறார். மூவரும் பார்த்தது ஒன்றைத்தான். கட்டிய மரம்.

இதே காலத்தில், ஃப்ரையருக்குப் பத்தாண்டு முன்பே, டப்ளினில் ஒருவர் உண்மையான இரட்டை உடல் கப்பலைக் கட்டிக்கொண்டிருந்தார். அதை அவர் கேட்டமரான் என்று அழைக்கவில்லை. ‘இரட்டை அடி’க் கப்பல் என்றுதான் அந்தக் காலத்தில் அதற்குப் பேர். அவர் சர் வில்லியம் பெட்டி.

பெட்டி சம்பளத்துக்குக் கப்பல் கட்டியவர் இல்லை. அந்தக் காலத்தில் கனவான் விஞ்ஞானிகள் என்று ஒரு வகையினர் இருந்தார்கள். சொத்து உண்டு, ஓய்வு உண்டு, சொந்தக் காசில் சோதனை செய்வார்கள். பெட்டி அந்தக் கூட்டத்துக்குத் தாமதமாக வந்து சேர்ந்தவர். 1623இல் இங்கிலாந்தின் ராம்ஸியில் ஒரு துணித் தொழில்காரரின் மகனாகப் பிறந்தார். சிறு வயதிலேயே கப்பலில் வேலைக்குப் போனார். கால் முறிந்ததும் பிரெஞ்சுக் கரையில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். பையன் அழுதுகொண்டு உட்காரவில்லை. கான் நகரின் யேசு சபைக் கல்லூரியில் சேர்ந்து படித்தான். அப்புறம் மருத்துவம், ஆக்ஸ்ஃபோர்டில் உடற்கூறியல் பேராசிரியர் பதவி. 1650இல், தூக்கிலிடப்பட்டு இறந்துவிட்டதாக நினைத்து அறுத்துப் பார்க்கக் கொண்டுவந்த ஆன் கிரீன் என்ற பெண்ணுக்கு உயிர் இருப்பது தெரிந்து, பெட்டியும் உடன் இருந்தவர்களும் அவரைப் பிழைக்க வைத்தார்கள். இதனால் ஊரெல்லாம் பேர் பரவியது.

பணம் வந்தது அயர்லாந்தில். அயர்லாந்தைப் பிடித்த இங்கிலாந்துத் தளபதி குரோம்வெல்லின் படைக்கு மருத்துவராகப் போனவர், அங்கே பறிமுதலான நிலங்களை அளந்து வரைபடம் போடும் பெரிய வேலையை ஏற்றார். முடிவில் கெர்ரி பகுதியில் அவருக்கே ஏராளமான நிலம் சேர்ந்துவிட்டது. பறித்த நிலத்தில் எழுந்த செல்வம் அது என்பதையும் சொல்லிவிட வேண்டும். லண்டனில் ராயல் சொசைட்டி என்ற விஞ்ஞானிகள் சங்கத்தைத் தொடங்கியவர்களிலும் அவர் ஒருவர்.

இந்தக் காசும் இந்தத் துணிச்சலும் சேர்ந்தால் கப்பல் வரும். 1662இல் முதல் இரட்டை உடல் படகு டப்ளினில் தண்ணீரில் இறங்கியது. அடுத்த ஆண்டு இன்னும் பெரிய ஒன்று. அதைப் பற்றிய விவரம் நமக்குக் கிடைப்பது கடற்படை நிர்வாகத்தில் இருந்த சாமுவேல் பீப்ஸின் நாட்குறிப்பில். 1663 ஜூலை 31 அன்று, பெட்டியின் கடிதங்களைப் பார்த்துவிட்டு அவர் எழுதியது: சுமார் 30 டன், 30 ஆட்கள், 10 பீரங்கி. டப்ளினுக்கும் எதிர்க்கரையில் வேல்ஸில் உள்ள ஹோலிஹெட்டுக்கும் நடுவே அரசரின் தபால் கப்பலோடு 50 பவுன் பந்தயம் கட்டி, இந்த இரட்டைக் கப்பல் ஜெயித்தது. திரும்பி வரும்போது இரண்டும் ஒன்றாகப் புறப்பட்டன. பெட்டியின் கப்பல் மாலை ஐந்து மணிக்கு டப்ளினில் இருந்தது. தபால் கப்பல் மறுநாள் காலை எட்டு மணிக்குத்தான் வந்தது. வந்தவர்கள், அந்தக் கடலில் இரட்டைக் கப்பல் முழுகியிருக்கும் என்றுதான் நினைத்திருந்தார்களாம்.

இது ஏன் ஓடுகிறது? ஒற்றை உடல் பாய்க்கப்பல் காற்றில் சாயாமல் நிற்க வேண்டுமானால் அகலமாக இருக்க வேண்டும், அல்லது அடியில் பாரம் ஏற்ற வேண்டும். அகலம் கூடினால் தண்ணீரைத் தள்ளி அலை எழுப்புவதிலேயே வேகம் போய்விடும். பாரம் கூடினால் கப்பல் ஆழமாக அமிழும். ஓடும் பேருந்தில் காலை அகட்டி நிற்பவர் எளிதில் விழமாட்டார். அதேபோல, ஒல்லியான இரண்டு உடல்களைத் தள்ளி வைத்தால் சாயாமையும் கிடைக்கும், அலை எழுப்பும் தடையும் குறையும். அடியில் பாரமே வேண்டியதில்லை. சிக்கல் வேறு இடத்தில். ஒரு உடல் அலையின் மேட்டிலும் மற்றது பள்ளத்திலும் இருக்கும்போது நடுவே இணைக்கும் சட்டங்கள் முறுக்கப்படும். ஓக் மரத்தையும் இரும்பு ஆணியையும் நம்பிப் பெரிய கடலில் இறங்கியவர்களுக்கு இதுதான் எமன்.

அரசர் இரண்டாம் சார்லஸுக்கு இதெல்லாம் வேடிக்கை. 1664 பிப்ரவரியில் பெட்டி நேரில் வந்தபோது அவரையும் அவர் படகையும் வைத்துச் சிரித்தார். காற்றை எடை போடுவதிலேயே பொழுது போக்குகிறார்கள் என்று விஞ்ஞானிகள் கூட்டத்தையே கேலி செய்தார். பெட்டி கோபப்படவில்லை. அரசரின் மிகச் சிறந்த படகுகளோடு பந்தயத்துக்குத் தயார் என்றார். அரசர் பந்தயம் கட்ட மறுத்து, வாயாலேயே அவரை அடக்கினார் என்று பீப்ஸ் எழுதுகிறார். எனக்கு இந்தக் காட்சியில் பெட்டியைத்தான் பிடிக்கிறது.

சிரித்த அதே அரசர் அந்த ஆண்டு டிசம்பரில் பெட்டியின் மூன்றாவது கப்பல் இறங்கும்போது வந்து, அதற்கு ‘எக்ஸ்பெரிமென்ட்’, அதாவது ‘சோதனை’ என்று பெயரும் வைத்தார். மறு ஆண்டு போர்ச்சுகலின் போர்ட்டோவிலிருந்து திரும்பும் வழியில் பிஸ்கே விரிகுடாப் புயலில் அது காணாமல் போனது. அதே புயலில் ஒற்றை உடல் கப்பல்களும் போயின. இருந்தாலும் பழி இரட்டை உடல் மேல்தான் விழுந்தது. பெட்டி விடவில்லை. இருபது ஆண்டு கழித்து, அறுபதைத் தாண்டிய வயதில், 1684இல் இன்னொன்று கட்டினார். பாய் விரித்துப் பார்த்த சோதனையிலேயே அது சொன்னபடி நடக்கவில்லை. 1687இல் அவர் இறந்தார்.

அப்புறம் ஸ்காட்லாந்தில் பேட்ரிக் மில்லர் என்ற வங்கிக்காரர் இதே பைத்தியத்தில் தன் பணத்தைக் கரைத்தார். 1788இல் டால்ஸ்விண்டன் ஏரியில் அவருடைய இரட்டை உடல் படகு நீராவி எஞ்சினால் ஓடியது. அதையும் அன்று கேட்டமரான் என்று சொன்னதாகத் தெரியவில்லை.

ஆக, பொருள் ஒரு பக்கம் வளர்ந்துகொண்டிருந்தது. சொல் வேறு பக்கம் ஊர் சுற்றிக்கொண்டிருந்தது. ஆங்கிலக் கப்பல்காரர்கள் எந்த மிதவையைப் பார்த்தாலும் கேட்டமரான் என்றார்கள். கப்பல் சுவரில் உரசாமல் தடுக்கத் துறையில் போட்ட மரமிதவைக்கும் அதே பேர். 1804இல் அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் ராபர்ட் ஃபுல்டன் செய்த, வெடிமருந்து நிரப்பி மிதக்கவிடும் பெட்டிகளுக்கும் அதே பேர். பூலோன் துறையில் நின்ற பிரெஞ்சுப் படகுகள் மேல் அவற்றை ஏவினார்கள், பெரிய சேதம் இல்லை. சண்டைக்கார வயதான பெண்ணைத் திட்டவும் இந்தச் சொல் ஆங்கிலத்தில் வழங்கியது. நம் மீனவரின் கலம் அங்கே வசைச்சொல்லாகவும் இருந்திருக்கிறது.

பசிபிக் தீவுகளில் இரண்டு ஓடங்களைச் சேர்த்துக் கட்டிய பெரிய கலங்களைப் பார்த்த ஐரோப்பியர் சிலர் அதற்கும் இந்தப் பெயரைப் போட்டார்கள். சொல்லையும் பொருளையும் சேர்த்து இறுக முடிச்சுப் போட்டது அமெரிக்காவில் 1876ஆம் ஆண்டு. படகு வடிவமைப்பாளர் நதானியல் ஹெரஷாஃப் தன் ‘அமரில்லிஸ்’ என்ற இரட்டை உடல் பாய்ப்படகோடு நியூயார்க் பந்தயத்தில் இறங்கி, பெரிய படகுகளையெல்லாம் பின்னுக்குத் தள்ளினார். தோற்றவர்கள் புகார் செய்ததில் அவரைப் பந்தயத்திலிருந்தே விலக்கிவிட்டார்கள். ஆனால் இந்த வகைப் படகுக்குக் கேட்டமரான் என்ற பேர் நிலைத்துவிட்டது. 1990இல் ‘ஹோவர்ஸ்பீட் கிரேட் பிரிட்டன்’ என்ற கேட்டமரான் மூன்று நாள் எட்டு மணி நேரத்துக்குள் அட்லாண்டிக்கைக் கடந்தபோது, பெட்டியின் வாதம் ஒருவழியாக ஜெயித்தது. கேலி செய்த அரசர் போய் மூன்று நூற்றாண்டு ஆகியிருந்தது.

சரி, தமிழில் என்ன சொல்வது? கட்டுமரம் என்று திருப்பி எழுதக் கூடாது. 2012இல் இந்தியக் கடற்படையில் சேர்ந்த ‘மகர்’ என்ற கடலளவைக் கப்பல் இரட்டை உடல் கொண்டது. அதைக் ‘கட்டுமரக் கப்பல்’ என்று எழுதினால் படிப்பவர் மனத்தில் கயிறு கட்டிய மரம்தான் வரும்.

இதற்குப் பழைய சொல் ஒன்று நம்மிடமே இருக்கிறது: சங்காடம். இரண்டு தோணிகளைச் சேர்த்து மேலே பலகைத் தளம் போட்ட கலம் என்று பொருள். ஆறு கடக்கவும் சரக்கு ஏற்றவும் பயன்பட்டது. மலையாளத்தின் ‘சங்ஙாடம்’ இதே சொல்தான், இன்று அங்கே வெறும் மிதவைக்கும் வழங்குகிறது. கிரேக்க வணிகக் குறிப்பான பெரிப்ளூஸில், இந்தக் கரையில் மரங்களைப் பிணைத்துச் செய்த பெரிய கலங்களுக்குச் ‘சங்கரா’ என்று பெயர் வருகிறது. இதையும் அந்தச் சொல்லோடு சேர்த்துப் பார்ப்பவர்கள் உண்டு. வேடிக்கை என்னவென்றால், போர்ச்சுகீசியர் இதை ‘ஜங்காடா’ என்று எடுத்துப்போய் பிரேசில் மீனவரின் மரமிதவைக்குப் பெயராக்கினார்கள். இரட்டைத்தோணியின் பெயர் மிதவைக்குப் போனது, மிதவையின் பெயர் இரட்டைத்தோணிக்கு வந்தது. இரண்டும் இந்தியத் தென்கரையிலிருந்து கிளம்பியவை.

சங்காடத்தை மீட்க எனக்கு ஆசைதான். ஆனால் ‘சங்கடம்’ என்று படித்துவிடும் ஆபத்து உண்டு, பலருக்குச் சொல்லே பழக்கமில்லை. சிறிய பாய்ப்படகுக்கு இரட்டைத்தோணி, பெரிய கப்பலுக்கு இரட்டையுடல் கப்பல் என்பது போதும். விளையாட்டுச் செய்தியில் கேட்டமரான் என்றே விட்டாலும் தப்பில்லை. 1940களில் விக்டர் செட்செட் என்ற படகு வடிவமைப்பாளர் மூன்று உடல் படகுக்கு ‘ட்ரைமரான்’ என்று பேர் வைத்தார். அந்த ‘மரான்’ நம் மரம்தான், ஆனாலும் அதைத் தமிழில் ‘மும்மரம்’ என்று எழுதாமல் மூவுடல் படகு என்று எழுதுங்கள்.