1.33-ஐ 1 என்று எழுதினால் என்ன ஆகும்?

ஒரு வெள்ளைப் பொடி. எடையில் கார்பன் 40.92%, ஹைட்ரஜன் 4.58%, ஆக்சிஜன் 54.50%. இதன் ஒரு மூலக்கூறில் எந்த அணு எத்தனை?

முதலில், இந்தச் சதவீதங்கள் எப்படிக் கிடைக்கின்றன என்று பார்த்துவிடலாம். பொடியில் 100 மில்லிகிராம் எடுத்து ஆக்சிஜனில் முழுவதுமாக எரிக்கிறார்கள். கார்பன் எல்லாம் கார்பன் டை ஆக்சைடாகும், ஹைட்ரஜன் எல்லாம் நீராகும். நீரைக் கால்சியம் குளோரைடும், கார்பன் டை ஆக்சைடைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலும் பிடித்து வைத்துக்கொள்ளும். அவற்றின் எடை எவ்வளவு கூடியிருக்கிறது என்று நிறுத்துப் பார்த்தால் போதும். 1831-இல் ஜெர்மானிய வேதியியலாளர் லீபிக், ஐந்து குமிழ்கள் கொண்ட ஒரு கண்ணாடிக் கருவியைச் செய்து இந்த வேலையைச் சுலபமாக்கினார். நம் பொடி ஏறக்குறைய 150 மில்லிகிராம் கார்பன் டை ஆக்சைடும் 41 மில்லிகிராம் நீரும் தரும். கார்பன் டை ஆக்சைடின் எடையில் 27.29% கார்பன், அப்படித்தான் 40.9 வந்தது. ஆக்சிஜனைப் பெரும்பாலும் நேரடியாக அளப்பதில்லை. 100-இல் மிச்சம் எதுவோ அதுதான் ஆக்சிஜன். மற்ற அளவீடுகளில் நேர்ந்த பிழையெல்லாம் பாவம், அதன் தலையில்தான் விழும்.

சரி, கணக்குக்கு வருவோம். சதவீதம் சொல்வது எடையை. நமக்கு வேண்டியதோ எண்ணிக்கை. கார்பன் அணு ஹைட்ரஜன் அணுவைவிடக் கிட்டத்தட்ட 12 மடங்கு கனம். அதனால் ஒவ்வொரு சதவீதத்தையும் அந்தந்தத் தனிமத்தின் அணு நிறையால் வகுக்கிறோம்: கார்பன் 40.92 ÷ 12.011 = 3.407, ஹைட்ரஜன் 4.58 ÷ 1.008 = 4.544, ஆக்சிஜன் 54.50 ÷ 15.999 = 3.406. மூன்றையும் சிறிய எண்ணான 3.406-ஆல் வகுத்தால் 1 : 1.33 : 1.

இந்த 1.33-ஐப் பார்த்ததும் 1 என்று முழுமையாக்கக் கை துறுதுறுக்கும். கூடாது. அது 4/3. எல்லாவற்றையும் 3-ஆல் பெருக்கினால் 3 : 4 : 3. இதுதான் எளிய விகித வாய்ப்பாடு. இதன் நிறை 88.06. தனியாக அளந்த மூலக்கூறு நிறை 176.12 என்றால், சரியாக இரண்டு மடங்கு. ஆக, கார்பன் 6, ஹைட்ரஜன் 8, ஆக்சிஜன் 6. பொடி வைட்டமின் சி.

1.33-ஐ 1 ஆக்கியிருந்தால்? விகிதம் 1 : 1 : 1, நிறை 29.02. 176.12-ஐ அதனால் வகுத்தால் 6.07. ‘6 தானே’ என்று தோன்றும்! ஆறு ஆறு ஆறு என்று எழுதியும் விடுவோம். வேடிக்கை என்னவென்றால், அந்த வாய்ப்பாட்டுக்கும் நிஜமாகவே ஒரு பொருள் உண்டு: வைட்டமின் சி ஆக்சிஜனேற்றம் அடைந்து உண்டாகும் டீஹைட்ரோ அஸ்கார்பிக் அமிலம். ஆனால் அதில் ஹைட்ரஜன் 3.47% தான். கிடைத்த வாய்ப்பாட்டிலிருந்து சதவீதத்தைத் திருப்பிக் கணக்கிட்டுப் பார்த்தால் குட்டு உடைந்துவிடும்.

மூலக்கூறு நிறை இல்லாமல் ஒப்பேற்ற முடியாதா? முடியாது. ஃபார்மால்டிஹைடு, அசிட்டிக் அமிலம், குளுக்கோஸ் மூன்றிலும் கார்பன் 40.0%, ஹைட்ரஜன் 6.7%, ஆக்சிஜன் 53.3%. நிறைதான் 30, 60, 180 என்று பிரித்துக் காட்டும்.

சதவீதம் திணறும் இடம் இன்னொன்றும் உண்டு. டெக்கேனில் 10 கார்பன், 22 ஹைட்ரஜன். அண்டெக்கேனில் 11 கார்பன், 24 ஹைட்ரஜன். கார்பன் முறையே 84.41%, 84.52%. எரித்து அளக்கும் முறையில் வழக்கமாக 0.4% வரை பிழையைப் பொறுத்துக்கொள்வார்கள் என்பதால், இவற்றைச் சதவீதத்தால் பிரிக்க வழியில்லை. நிறையிலோ 14 வித்தியாசம். இன்று பல ஆய்வகங்களில் நிறையை நான்கு தசம இடம்வரை துல்லியமாக அளந்து, அதிலிருந்தே வாய்ப்பாட்டைக் கணித்துவிடுகிறார்கள். எரித்துப் பார்ப்பது, அப்புறம் பொருள் சுத்தமானதுதானா என்று சரிபார்க்க.