சர்வைவர்: உயிர்பிழைத்தவர்

நாஜிகள் நடத்திய யூத இனப்படுகொலை பற்றிப் படித்தால் ‘சர்வைவர்’ என்ற சொல் கண்ணில் படாமல் போகாது. லத்தீனில் ‘சூப்பர்’ என்றால் மேல், அப்பால். ‘விவெரே’ என்றால் வாழ்தல். இன்னொருவரின் காலத்துக்கு அப்பாலும் வாழ்பவர் என்பதுதான் வேர்ப்பொருள். ஆங்கிலச் சட்டத்தில், கூட்டாகச் சொத்து வைத்திருந்தவர்களில் ஒருவர் இறந்தபின் மிஞ்சுபவருக்கும் இதே பெயர். ஆக, சொல்லுக்குள்ளேயே ஒரு சாவு இருக்கிறது.

நாஜி வதைமுகாம்களிலிருந்து மீண்ட யூதர்கள் தங்களை எபிரேயத்தில் ‘ஷெரீத் ஹப்லேட்டா’ என்றார்கள். தப்பிய மிச்சம் என்று பொருள், பைபிள் தொடர். தமிழ் பைபிளில் வரும் ‘மீதியாயிருப்பவர்கள்’ இதற்குப் பக்கத்தில் வரும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘தப்பியவர்’ எனக்கு ஒட்டவில்லை. ஓடி ஒளிந்தவரின் சாமர்த்தியம் அதில் தெரிகிறது. ‘உய்ந்தவர்’ நல்ல பழஞ்சொல், ஆனால் கரையேறிவிட்ட நிம்மதி அதில் அதிகம். ‘உயிர்பிழைத்தவர்’ என்பதே என் தேர்வு. காரணம், உள்ளே இருக்கும் ‘பிழை’.

“யானை பிழைத்தவேல் ஏந்தல் இனிது” என்கிறது குறள். அங்கே பிழைத்த வேல் என்றால் குறி தவறிய வேல். வேல் பிழைத்தால் யானையும் பிழைத்தது! குற்றமும் பிழைதான். வயிற்றுப்பாடு பிழைப்பு.

இந்தப் பொருள்கள் எல்லாம் முகாம்களிலிருந்து மீண்டு பிரிட்டன் வந்த யூதப் பிள்ளைகளிடம் இருந்தன. போர் முடிந்ததும், 16 வயதுக்கு உட்பட்ட 1,000 அநாதைப் பிள்ளைகளை அழைத்துவர பிரிட்டன் அனுமதித்தது. தேடித் திரட்ட முடிந்தது 732 பேரைத்தான். பெரும்பாலும் பதின்வயதுப் பையன்கள். வேலை வாங்கலாம் என்பதால் கொல்லாமல் விடப்பட்டவர்கள். முகாமில் வயதைக் கூட்டிச் சொன்னவர்கள் உண்டு. இப்போது பிரிட்டன் போவதற்காகக் குறைத்துச் சொன்னவர்களும் உண்டு. 1945 ஆகஸ்டில் முதல் 300 பேர் இங்கிலாந்தின் விண்டர்மியர் ஏரிப் பக்கம் வந்து சேர்ந்தார்கள். மேசையில் வேண்டிய மட்டும் ரொட்டி இருந்தும், அள்ளிக்கொண்டு போய்ப் படுக்கையில் ஒளித்துவைத்தார்கள். நாளைக்கும் ரொட்டி வரும் என்று உடம்பு நம்ப வேண்டுமே.

அப்புறம் பிழைப்பு. ஆங்கிலம் கற்று, தொழில் கற்று, பெற்றோர் இல்லாமலே பெரியவர்கள் ஆனார்கள். போலந்தின் பியோட்ர்கூவில் வளர்ந்த பென் ஹெல்ஃப்காட்டுக்கு விடுதலையின்போது 15 வயது. தாய், தந்தை, ஒரு தங்கை மூவரும் கொல்லப்பட்டிருந்தார்கள். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் பிரிட்டனின் பளுதூக்கும் அணிக்கு அவர்தான் கேப்டன்.

‘அவர்கள் போய்விட்டார்கள், நான் மட்டும் ஏன் இருக்கிறேன்’ என்ற உறுத்தலை வில்லியம் நீடர்லாந்து என்ற மனநல மருத்துவர் 1960களில் விரிவாக எழுதினார். ஆங்கிலத்தில் அதற்கு ‘சர்வைவர் கில்ட்’ என்ற தனித்தொடர் வேண்டியிருக்கிறது. தமிழில் பிழைத்தவர் என்றாலே பிழை செய்தவர் என்றும் காதில் விழுகிறது. அவர்கள் ஒரு பிழையும் செய்யவில்லை. ஆனால் அவர்கள் மனத்துக்குள்ளும் அப்படித்தான் விழுந்தது.

பிழைத்தபின் என்ன ஆனது? நெதர்லாந்தின் யூத அநாதைகளை நெடுங்காலம் ஆராய்ந்தவர் ஹான்ஸ் கைல்சன். நாஜிகளுக்குப் பயந்து ஒளிந்திருந்த காலத்தில் கடும் துன்பம் பட்டும் போருக்குப்பின் நல்ல வீட்டில் வளர்ந்தவர்கள், அந்தக் காலத்தில் குறைவாகத் துன்பப்பட்டு பின்னால் சரியான அரவணைப்பு கிடைக்காதவர்களைவிட நன்றாக இருந்தார்கள் என்று 1979இல் எழுதினார்.