டிக்கியில் மணல் மூட்டை வைத்தால் சின்ன கார் அலையாமல் போகுமா?

"90-ஐத் தாண்டினால் வண்டி அலையுது, நேராப் போகாம இடமும் வலமும் நகருது" என்று பட்டறைக்கு வந்த ஒரு சின்ன ஹேட்ச்பேக்கின் டிக்கியைத் திறந்தால், சிமென்ட் சாக்கில் கட்டிய ஐம்பது கிலோ மணல். பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன யோசனையாம். பின் டயர் இரண்டும் மொட்டை. டயரின் பக்கவாட்டில் கடைசி நான்கு இலக்கம் 3116, அதாவது 2016-ஆம் ஆண்டின் 31-ஆவது வாரத்தில் தயாரான டயர். காற்று ஒன்றில் 22 பிஎஸ்ஐ, மற்றதில் 41. இடது முன்சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் லோயர் ஆர்மின் பின் புஷ்ஷில் (இணைப்பில் இருக்கும் ரப்பர் உருளை) ரப்பர் கிழிந்து, கம்பியால் நெம்பினால் ஆர்ம் முன்னும் பின்னும் போய்வருகிறது. இத்தனை குறையையும் விட்டுவிட்டு, வண்டிக்கு வெயிட் பத்தவில்லை என்று மணல் ஏற்றியிருக்கிறார்கள். அந்த வண்டியின் பின்சீட்டில்தான் குழந்தைகள் உட்கார்ந்து ஊருக்குப் போய்வந்திருக்கிறார்கள்.

மணல், மிச்சமான டைல்ஸ் பெட்டி, தண்ணீர் கேன் என்று ஆளுக்கு ஒன்றைச் சுமந்துகொண்டு வருகிறார்கள். தயவுசெய்து இறக்கி வைத்துவிடுங்கள். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உங்கள் கார் முன்சக்கரத்தில் இழுத்து, முன்சக்கரத்தில் திரும்புகிற வண்டி. டிக்கி இருப்பதோ பின் அச்சுக்கும் பின்னால். அங்கே ஏறும் எடை நான்கு சக்கரத்துக்கும் பங்காகப் போவதில்லை. பின் அச்சை ஊன்றுகோலாக வைத்து முன்பக்கத்தைத் தூக்குகிறது. ஆல்டோ 800-இன் வீல்பேஸ் 2360 மி.மீ. பின் அச்சிலிருந்து அரை மீட்டர் பின்னால் 50 கிலோ வைத்தால், பின் சக்கரங்களில் சுமார் 60 கிலோ கூடும், முன் சக்கரங்களில் சுமார் 10 கிலோ குறையும். ஸ்டியரிங் ஏற்கெனவே லேசாக இருக்கிறது என்று புலம்புகிறவர், திருப்புகிற சக்கரத்தின் மேலிருக்கும் எடையைத் தானே குறைத்துக்கொள்கிறார். முகம் தூக்குவதால் ஹெட்லைட்டும் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும்.

அடுத்தது வால் வீசுவது. அவசரத்துக்கு லேன் மாறும்போது வண்டியின் பின்பாகம் பக்கவாட்டில் நகரும், உடனே நின்று நேராக வேண்டும். கடைக்கோடியில் ஐம்பது கிலோ உட்கார்ந்திருந்தால் அது நகர ஆரம்பிப்பதும் தாமதம், நிற்பதும் தாமதம். அதை நிறுத்த வேண்டியது பின் டயர்கள், அவை மொட்டையாக இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பிரேக் தூரம் கூடும். கட்டாமல் கிடக்கும் மூட்டை, முன்னால் மோதினால் பின்சீட்டின் முதுகைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரும்.

"ஆனா நாலு பேர் ஏறினா வண்டி நல்லா பிடிச்சுப் போகுதே?" என்பது எல்லோரும் கேட்கிற கேள்வி. பாரம் ஏறினால் ஸ்பிரிங் அமுங்கி, துள்ளல் குறைந்து, ஓட்டம் மெத்தென்று தோன்றும். அது சொகுசு. அதே நால்வரோடு 100-இல் ஒரு நாய் குறுக்கே வந்தால், தனியாகப் போகும்போது திரும்பியதைவிட வண்டி மோசமாகத்தான் திரும்பும். பெரிய கார் நிலையாகப் போவதற்கும் எடை மட்டும் காரணமில்லை. நீண்ட வீல்பேஸ், அகலமான சக்கர இடைவெளி, அதற்கேற்ற டயர், அதற்கேற்ற ஷாக் எல்லாம் சேர்ந்துதான் அந்த நிதானம். எடையை மட்டும் கடன் வாங்க முடியாது.

சரி, எங்கே பார்க்க வேண்டும்? முதலில் டயர். செலவே இல்லாத வேலை இதுதான், ஆனால் யாரும் செய்வதில்லை. டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஸ்டிக்கர் இருக்கும். முன்னுக்கு எவ்வளவு, பின்னுக்கு எவ்வளவு, முழுப் பாரத்துக்கு எவ்வளவு என்று அதிலேயே போட்டிருக்கும். பஞ்சர் கடைக்காரர் வாய்க்கு வந்த எண்ணை அடிக்கவிடாதீர்கள். காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். ஓடி வந்த டயரில் மூன்று முதல் ஐந்து பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிட்டால், டயர் ஆறியதும் குறைந்துபோய் நிற்கும். குறைந்த காற்றில் பக்கச்சுவர் மடங்கும், ஸ்டியரிங் திருப்பினால் வண்டி ஒரு கணம் தாமதித்துத் திரும்பும், டயர் சூடேறி வெடிக்கவும் செய்யும். மைலேஜ் ஆசையில் 40, 45 அடித்தால் ரோட்டைத் தொடும் பரப்பு சுருங்கி, பாலத்து இணைப்பு ஒவ்வொன்றிலும் வண்டி துள்ளி இடம் மாறும். நைட்ரஜன் அடித்தால் அலையாது என்பவர்களுக்கு: நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். அழுத்தம் சரியாக இருந்தால் போதும்.

டயரின் வயதும் முக்கியம். பட்டன் (ரோட்டைத் தொடும் ரப்பர் மேடுகள்) நன்றாகவே இருக்கலாம், ஆனால் ஆறு வருடம் வெயிலில் நின்ற ரப்பர் கல்லாகிவிடும். பட்டன் ஆழம் 1.6 மி.மீ. வந்தால் சட்டப்படியே டயர் முடிந்தது. மழைக்காலத்தில் நெடுஞ்சாலை ஓடுகிறவர்கள் 3 மி.மீ.யிலேயே மாற்றிவிடுங்கள்.

இரண்டு டயர் மட்டும் மாற்றப் பணமிருக்கிறது என்றால் புதியதைப் பின்னால் போடுங்கள். "முன்சக்கரம்தானே இழுக்குது, புதுசு முன்னாடி போடுங்க" என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். தண்ணீர் தேங்கிய ரோட்டில் முன் டயர் வழுக்கினால் வண்டி திரும்பாமல் நேரே போகும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் பிடி திரும்பிவிடும். பின் டயர் வழுக்கினால் வால் சுற்றும். அதைத் திருத்த சாதாரண டிரைவரால் முடியாது, யோசிக்கவே நேரம் இருக்காது. முன் டயர் வேகமாகத் தேயும் என்பது உண்மை. அதற்குத்தான் 8,000 முதல் 10,000 கி.மீ.க்கு ஒருமுறை ரொட்டேஷன் (டயர்களை முன்னும் பின்னும் இடம் மாற்றுவது) செய்யச் சொல்கிறோம், நான்கும் ஏறக்குறைய ஒன்றாகத் தேய்ந்துவரும்.

டயரை அகலப்படுத்தலாமா? ஒரு படி போகலாம், கணக்குப் பார்த்துப் போனால். 155/80 ஆர்13 (முதல் எண் மி.மீ.யில் டயரின் அகலம்) இருக்கும் வண்டிக்கு 175/70 ஆர்13 போட்டால் டயரின் மொத்த விட்டம் 3 மி.மீ. மட்டுமே குறையும், ஸ்பீடோமீட்டர் கெடாது. ஆனால் ரிம் அகலம் 5 இஞ்ச் இருப்பது நல்லது, ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தால் உரசுகிறதா என்றும் பார்க்க வேண்டும். வெளியே துருத்தி நிற்கும் அலாய், வீல் ஸ்பேசர் இரண்டும் வேண்டாம். சக்கரம் வெளியே போனால் லாரிகள் பள்ளமாக்கிய தடத்தில் ஸ்டியரிங் தானே இழுக்கும், பேரிங்கும் சீக்கிரம் போகும்.

ஷாக் அப்சார்பரைச் சோதிக்க பானட்டை அமுக்கிப் பார்ப்பது எல்லோருக்கும் தெரியும். முழுதாகப் போன ஷாக்கைத்தான் அது காட்டும், பாதி போனதைக் காட்டாது. ஷாக்கின் உடம்பில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா, டயர் மேல் கையை ஓட்டினால் மேடும் பள்ளமுமாகத் தட்டுப்படுகிறதா என்று பாருங்கள். ஒரு பாலத்தில் ஏறி இறங்கியபின் வண்டி இரண்டு மூன்று முறை ஊஞ்சலாடினால் மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது. மாற்றினால் ஜோடியாக மாற்றுங்கள். மேலே ஸ்ட்ரட் மவுண்ட் (ஷாக்கை வண்டியோடு பிடிக்கும் தாங்கி), பேரிங் இரண்டையும் அப்போதே பார்த்துவிட்டால் கூலி மிச்சம்.

ஷாக் மாற்றப் பணமில்லை என்று ஸ்பிரிங் சுருளுக்குள் ரப்பர் பஃபர் செருகுகிறவர்களே, அதைக் கழற்றிவிடுங்கள். ஸ்பிரிங்கைக் கெட்டியாக்கிவிட்டு அதை அடக்க வேண்டிய ஷாக்கைப் பழையபடி விட்டால் துள்ளல்தான் கூடும். உயரமும் கூடும், உயரம் கூடினால் சாய்வும் கூடும். எதிர்ப்பக்கம் போய் ஸ்பிரிங்கை அறுத்து வண்டியைத் தாழ்த்துவது இன்னும் ஆபத்து. சஸ்பென்ஷன் முழுதாகத் தொங்கும்போது அறுத்த சுருள் இருப்பிடத்தை விட்டு நழுவும்.

பல வண்டிகளில் அலைச்சலுக்குக் காரணம் நான் முதலில் சொன்ன அந்தக் கிழிந்த புஷ்தான். லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், டை ராட் எண்ட், ரேக் புஷ், ஸ்டெபிலைசர் லிங்க், இவற்றில் எதிலும் ப்ளே (தளர்ந்த ஆட்டம்) இருக்கக் கூடாது. வண்டியைத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் அசைவது பேரிங் அல்லது பால் ஜாயின்ட். இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் அசைவது டை ராட் பக்கம். புஷ்ஷுக்குக் கம்பி போட்டு நெம்பித்தான் பார்க்க வேண்டும், கண்ணால் பார்த்தால் நன்றாகத்தான் தெரியும். பின்பக்கத்தை யாருமே கேட்பதில்லை. ஆல்டோ 800 போன்ற வண்டிகளில் பின் அச்சு பக்கவாட்டில் நகராமல் பிடிப்பது ஒரே ஒரு லேட்டரல் ராட். அதன் புஷ் போனால் வண்டியின் வால் தனியாக ஆடும், முன்னால் எத்தனை முறை அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது) பார்த்தாலும் தீராது.

தொழில் செய்யும் தம்பிகளுக்கும் ஒன்று: ரப்பர் புஷ் உள்ள போல்ட்டை, சக்கரம் தொங்கும்போதே கடைசி இறுக்கு இறுக்காதீர்கள். வண்டி தரையில் தன் எடையில் நின்றபின்தான் இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே இருந்து, புது புஷ் சில மாதத்தில் கிழியும். வாடிக்கையாளர் "பார்ட்ஸ் டூப்ளிகேட்" என்பார், தப்பு நம் ஸ்பேனரில் இருக்கும்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் அலைன்மென்ட். ப்ளே இருக்கும் வண்டியில் மெஷின் காட்டும் எண் ரேம்பை விட்டு இறங்கியதுமே மாறிவிடும். முன் சக்கரம் வெளிப்பக்கம் விரிந்து டோ-அவுட் ஆகியிருந்தால் வண்டி ஒவ்வொரு மேடுபள்ளத்துக்கும் ஒரு பக்கம் ஓடப் பார்க்கும். காஸ்டரை (பக்கவாட்டில் பார்த்தால் ஸ்டியரிங் அச்சு பின்னால் சாய்ந்திருக்கும் கோணம்) பெரும்பாலான சின்ன கார்களில் திருத்த வழியில்லை, ஆனால் கட்டாயம் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். இடது வலது வித்தியாசம் அரை டிகிரிக்கு மேல் போனால் ஆர்மோ ஸ்ட்ரட்டோ வளைந்திருக்கலாம், வண்டி காஸ்டர் குறைந்த பக்கம் இழுக்கும். வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த பிரிண்ட்டைக் கேட்டு வாங்குங்கள். 80-க்கு மேல் ஸ்டியரிங் நடுங்குவது வேறு சங்கதி, பேலன்சிங் (சக்கரத்தின் எடைச் சமநிலை) பாருங்கள். சோதனை ஓட்டத்தில் லேசாக இடப்பக்கம் நகர்ந்தால் பயப்பட வேண்டாம், மழைநீர் வடிய ரோட்டையே அந்தப் பக்கம் சாய்த்துத்தான் போடுகிறார்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தாலும் சின்ன காருக்குக் காற்று ஒரு எல்லை வைத்திருக்கிறது. 80-லிருந்து 100-க்குப் போனால் காற்றின் விசை ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறும். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கமும், பாலக்காட்டுக் கணவாய்க்கு நேரான பல்லடம், உடுமலைப் பக்கமும் பக்கவாட்டுக் காற்று வண்டியைப் பிடித்துத் தள்ளும். காற்றாலை தெரிந்தால் வேகத்தை 70, 80-க்குள் வைத்து, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடியுங்கள். ஆம்னி பஸ்ஸை முந்தும்போது அது தரும் மறைவு தாண்டியதும் காற்று திடீரென்று அடிக்கும், அதனால் பக்கவாட்டில் ஒன்றரை மீட்டராவது இடைவெளி விடுங்கள். வண்டி நகர்ந்தால் ஸ்டியரிங்கை வெடுக்கென்று ஒடிக்காமல் மெல்லத் திருத்துங்கள். சபரிமலை சீசனில் கூரை கேரியரில் மலைபோல் கட்டிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் மனசு பதைக்கிறது. கனமானதைக் கீழே, பின்சீட்டின் முதுகை ஒட்டி வையுங்கள். மேலே துணிப்பை போதும்.

நன்றாகப் போய்க்கொண்டிருந்த வண்டி வழியில் திடீரென்று அலைய ஆரம்பித்தால், காற்று என்று நினைத்து ஓட்டிக்கொண்டே போகாதீர்கள். பின் டயர் பஞ்சராகி இறங்கும்போது முதலில் தெரிவது அந்த வால் ஆட்டம்தான். பிரேக்கை மிதிக்காமல் ஆக்சிலேட்டரை விட்டு, இண்டிகேட்டர் போட்டு, ஓரத்தில் முழுதாக ஒதுங்கி நிறுத்தி, ஹசார்ட் லைட்டைப் போட்டுவிட்டு இறங்கி நான்கு டயரையும் கையால் தொட்டுப் பாருங்கள். மற்றவற்றைவிடச் சூடாக இருப்பதுதான் காற்று இறங்குகிற டயர். ஸ்டெப்னி மற்ற டயர்களைவிட ஒல்லியாக இருந்தால் அதில் 80 என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதற்கு மேல் ஓட்டாமல், அடுத்த பஞ்சர் கடை வரை மட்டும் போங்கள்.