கலிபோர்னியா கம்யூனிட்டி காலேஜ்: டிரஸ்டி போர்டிடம் நாம் என்ன கேட்க வேண்டும்?

நவம்பர் தேர்தலுக்கு வீட்டுக்கு வரும் வாக்குச்சீட்டில் பெரிய பதவிகளெல்லாம் முடிந்த பிறகு, கீழே கம்யூனிட்டி காலேஜ் டிரஸ்டி என்று ஒரு வரி இருக்கும். பலர் அதைத் தொடாமலே சீட்டை மடித்து அனுப்பிவிடுகிறார்கள். ஃப்ரீமாண்டின் ஓலோனி, கூப்பர்டினோவின் டி ஆன்சா போன்ற இரண்டு வருட அரசுக் கல்லூரிகளை நடத்துவது, நிர்வாகக் குழு உறுப்பினர்களான இந்த டிரஸ்டிகள்தான்.

மாநிலத்தில் 116 கல்லூரிகள், அவற்றை நடத்தும் 73 கல்லூரி மாவட்டங்கள். ஆன்லைனில் மட்டும் நடக்கும் கால்பிரைட் நீங்கலாக, ஒவ்வொரு மாவட்டத்துக்கும் மக்கள் தேர்ந்தெடுக்கும் போர்டு உண்டு. தலைமை நிர்வாகியை நியமிப்பது, பட்ஜெட்டையும் ஒப்பந்தங்களையும் அங்கீகரிப்பது, கொள்கை வகுப்பது ஆகியவை அதன் வேலை. பாடத்திட்டம், மதிப்பெண் முறை போன்றவற்றில் பேராசிரியர்களின் பிரதிநிதிக் குழுவான செனட்டைக் கலந்தே முடிவெடுக்க வேண்டும் என்று 1988 சட்டம் சொல்கிறது. மாணவர் டிரஸ்டியும் உண்டு. ஆனால் அவருடைய வாக்கு ஆலோசனை அளவில்தான்.

சரி, போர்டு எதை முதலில் கவனிக்க வேண்டும்? என்னைக் கேட்டால், சேர்ந்த மாணவர் படித்து முடிக்கிறாரா என்பதைத்தான். ஒரு யூனிட்டுக்குக் கட்டணம் 46 டாலர். மாநிலத்தின் நான்கு வருடப் பல்கலைக்கழகங்களான யூசிக்கோ கால் ஸ்டேட்டுக்கோ மாறத் தேவையான 60 யூனிட்டையும் 2,760 டாலரில் முடித்துவிடலாம். ஆனால் கால்குலஸ் வகுப்பில் இடம் கிடைக்காமல் போனால், அந்த ஒரு பாடத்துக்காக டிரான்ஸ்ஃபர் ஒரு வருடம் தள்ளிப் போகலாம். பகலில் வேலைக்குப் போகும் பிள்ளைக்கு மாலை வகுப்பு ரத்தாவதும் அதே கதைதான். எந்தப் பாடத்துக்குக் காத்திருப்போர் பட்டியல் நீள்கிறது என்று போர்டு ஒவ்வொரு பருவமும் கணக்குக் கேட்க வேண்டும்.

அடுத்தது பணம். மாநில நிதி 2018-19 முதல் புதிய சூத்திரப்படி வருகிறது: சுமார் 70 சதவீதம் மாணவர் எண்ணிக்கைக்கு, 20 சதவீதம் உதவித்தொகை பெறும் மாணவர்களுக்கு, 10 சதவீதம் பட்டம், டிரான்ஸ்ஃபர் போன்ற முடிவுகளுக்கு. வரும் பணத்தைச் செலவழிப்பதிலும் ஒரு கட்டுப்பாடு உண்டு. கல்விச் செலவில் பாதியாவது வகுப்பில் பாடம் நடத்துவோரின் சம்பளத்துக்குப் போக வேண்டும். நல்ல நோக்கம்தான். ஆனால் கவுன்சலரும் நூலகரும் அந்தப் பாதிக்குள் வருவதில்லை. எந்தப் பாடம் எடுத்தால் டிரான்ஸ்ஃபர் ஆகும் என்று வழிகாட்டும் கவுன்சலரை நியமிக்கவே கல்லூரி யோசிக்க வேண்டியிருக்கிறது. இந்த விதியைத் திருத்தியே ஆக வேண்டும்.

கட்டடப் பணத்தின் கணக்கு வேறு. 2000-ல் மாநில வாக்காளர்கள் நிறைவேற்றிய முன்மொழிவு 39-இன்படி, 55 சதவீத வாக்கு கிடைத்தால் மாவட்டம் பாண்டு, அதாவது கடன் பத்திரம், வெளியிடலாம். கடன் நமது சொத்து வரியோடு சேர்ந்து வசூலாகும். அந்தப் பணத்தைச் சம்பளத்துக்குத் தொடக்கூடாது. புது ஜிம் எழும்பும்போதே வகுப்புகள் குறைவது இதனால்தான். பாண்டுக்கு ஆதரவு கேட்டு வருபவரிடம், கட்டிய பிறகு அதை நடத்தப் பணம் எங்கே என்று கேளுங்கள்.

நிர்வாகம் சறுக்கினால் என்ன ஆகும்? காம்ப்டன் கல்லூரி 2006-ல் அங்கீகாரத்தை இழந்து, வேறொரு கல்லூரியின் கிளையாக இயங்கி, 2017-ல்தான் அதைத் திரும்பப் பெற்றது. சான் பிரான்சிஸ்கோ சிட்டி காலேஜுக்கு 2012-ல் அங்கீகார நெருக்கடி வந்தது. மறு ஆண்டு, தேர்ந்தெடுக்கப்பட்ட போர்டின் அதிகாரத்தையே மாநிலம் ஒதுக்கிவைத்து, தனி அதிகாரியை நியமித்தது. 2017-ல்தான் அங்கீகாரம் உறுதியானது.

எச்-1பி, கிரீன் கார்டில் இருப்பவர்களுக்கு வாக்கு இல்லை. ஆனால் வீடு வாங்கியிருந்தால் பாண்டு வரி உண்டு, போர்டு கூட்டத்தில் பேசும் உரிமையும் உண்டு. உள்ளாட்சிக் கூட்டங்கள் பொதுவில் நடக்க வேண்டும் என்று சொல்லும் 1953-ஆம் ஆண்டின் பிரவுன் சட்டப்படி, வழக்கமான கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை 72 மணி நேரம் முன்பே வெளியிட வேண்டும். திங்கள் மாலை 6 மணிக் கூட்டம் என்றால் வெள்ளி மாலை 6 மணிக்குள் நிரல் வந்திருக்க வேண்டும். பேரைப் பதிந்தால்தான் உள்ளே விடுவோம் என்று யாரும் சொல்ல முடியாது.

நிரலில் ‘கன்சென்ட்’ பகுதியை அவசியம் பாருங்கள். பல ஒப்பந்தங்களை ஒன்றாகக் கட்டி, விவாதமே இல்லாமல் ஒரே வாக்கில் நிறைவேற்றுவது அங்கேதான். ஏதாவது ஒன்று உறுத்தினால், கூட்டத்துக்கு முன்பே உங்கள் பகுதி டிரஸ்டிக்கு மின்னஞ்சல் அனுப்பி, அதை மட்டும் தனியே பிரித்து விவாதிக்கச் சொல்லுங்கள்.